அலாரம் அடிக்கும் முன்: அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் பொறுப்பிலுள்ள தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

விடுதியில் ஆர்.ஏ.வாக (மாணவர்களுக்கு உதவும் விடுதிப் பொறுப்பாளராக) ஒரு மாடியைப் பார்த்துக்கொள்ளும் ஆராய்ச்சி மாணவர்கள், மாணவர் மன்றங்களுக்கு ஆலோசகராகக் கையெழுத்துப் போடும் பேராசிரியர்கள், மாணவர் நலத் துறையில் விண்ணப்பம் பார்க்கும் அலுவலர்கள் என அமெரிக்க வளாகங்களில் தமிழர் பலர் இருக்கிறீர்கள். உங்கள் மேசைக்கு என்றாவது 'பேகன் மாணவர் வட்டம்' என்ற பெயரில் ஒரு விண்ணப்பம் வரும். மயிலுக்குப் போர்வை தந்த பேகனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'பேகனஸ்' என்றால் லத்தீனில் நாட்டுப்புறத்தான். கிறித்தவத்துக்கு வராதவர்களை மட்டம்தட்ட வழங்கிய சொல். நம் ஊருக்கு வந்த மிஷனரிமார் நம் முன்னோரை 'அஞ்ஞானிகள்' என்று எழுதிவைத்ததும் இதே கணக்கில்தான். 20ஆம் நூற்றாண்டில் சிலர் அந்த வசைச்சொல்லையே விரும்பிப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். மந்திரச் சடங்குகளைக் கொண்ட நவீன மதமான விக்கா, பழைய கெல்டிக் பூசாரிகளின் பெயரைக் கொண்ட டிரூயிடு வழி, வட ஐரோப்பியத் தெய்வங்களை வணங்கும் ஹீதன் வழி, பழைய கிரேக்க, எகிப்திய வழிபாடுகளை மீட்பவர்கள் என்று பல பிரிவுகள். எல்லோருக்கும் பொதுவான வேதநூலும் இல்லை, தலைமைப் பீடமும் இல்லை. உங்கள் படிவங்கள் தடுமாறுவது இங்கேதான்.

இவர்களுக்கென்று புது விதி எதுவும் வேண்டாம். ஏற்கெனவே உள்ள விதிகளை செப்டம்பரிலேயே இவர்களோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். நள்ளிரவில் தீ அலாரம் அடித்து முந்நூறு பேர் போர்வையோடு வெளியே நிற்கும்போது பேசத் தொடங்கினால் யாருக்கும் நியாயம் கிடைக்காது.

'இதெல்லாம் ஒரு மதமா?' என்ற கேள்விக்கு 1986-இலேயே விடை வந்துவிட்டது. வர்ஜீனியா சிறைக்கைதி ஒருவர் தொடுத்த டெட்மர் எதிர் லாண்டன் வழக்கில், விக்காவும் மதமே, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அதையும் காக்கும் என்று நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, கைதி கேட்ட அங்கி, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி போன்றவற்றைப் பாதுகாப்புக் கருதிச் சிறை நிர்வாகம் மறுத்தது சரி என்றும் சொன்னது. மதமா என்பது ஒரு கேள்வி. எந்தப் பொருளை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்பது வேறொரு கேள்வி. வளாகத் தகராறுகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதால் வருகிறது. சடங்குக் கத்தியை நினைத்துக் கவலைப்பட்ட அலுவலர் மன்றத்தின் பதிவையே நிறுத்திவைக்கிறார். பதிவு கிடைத்த மாணவரோ மெழுகுவர்த்திக்கும் அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்.

அரசுப் பல்கலைக்கழகமானால் பதிவை மறுக்கப் பெரும்பாலும் வழியில்லை. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மன்றத்தை மறுக்கக்கூடாது என்று 1972-இல் ஹீலி எதிர் ஜேம்ஸ் வழக்கிலும், மற்ற மன்றங்களுக்குத் தரும் அறையை மத மன்றத்துக்கு மறுக்கக்கூடாது என்று 1981-இல் விட்மர் எதிர் வின்சென்ட் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாணவர் கட்டண நிதியைப் பகிரும்போதும் மதப் பார்வையைக் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது என்றது 1995-இன் ரோசன்பர்கர் தீர்ப்பு. தனியார் கல்லூரியை இவை நேரடியாகக் கட்டுப்படுத்தா. அங்கே மாணவர் கையேட்டில் கல்லூரி தானே எழுதிக்கொடுத்த வாக்குறுதிதான் அளவுகோல். தனியார் கல்லூரிகள் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு பழைய கதையும் உண்டு. மின்னசோட்டாவின் கார்ல்டன் கல்லூரியில் மாணவர்கள் மத வழிபாட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும் என்றொரு விதி இருந்தது. 1963-இல் சில மாணவர்கள் அதைக் கிண்டல் செய்து 'சீர்திருத்த டிரூயிடுகள்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். மறு ஆண்டே கல்லூரி விதியைக் கைவிட்டது. டிரூயிடுகள் கலையவில்லை.

விடுப்புக்கு வருவோம். 2007-இல் மேற்கு வர்ஜீனியாவின் மார்ஷல் பல்கலைக்கழகம் பேகன் பண்டிகைகளுக்கு விடுப்பை ஏற்றுக்கொண்டது செய்தியானது. செய்தியைக் கேட்ட சிலர், மாணவர்கள் வருடம் முழுக்க விடுப்பு எடுப்பார்கள் என்று பயந்தார்கள். கணக்கைப் பாருங்கள். விக்கா மரபின் ஆண்டுச் சக்கரத்தில் எட்டுப் பண்டிகைகள். யூல் டிசம்பர் 21 ஒட்டி, லித்தா ஜூன் 21 ஒட்டி, லூனசா ஆகஸ்ட் 1. இந்த மூன்றும் பெரும்பாலும் கல்லூரி விடுமுறையில் விழும். மிஞ்சுவன மேபன் (செப்டம்பர் 22 ஒட்டி), சம்ஹைன் (அக்டோபர் 31 மாலை தொடங்கி நவம்பர் 1), இம்போல்க் (பிப்ரவரி 1-2), ஓஸ்டாரா (மார்ச் 20 ஒட்டி), பெல்டேன் (மே 1). இவற்றிலும் சில வார இறுதியில் வரும். உண்மையில் இடிப்பவை இரண்டு: இடைத்தேர்வு வாரத்தில் வரும் சம்ஹைன், பருவ இறுதித் தேர்வோடு மோதும் பெல்டேன். சம்ஹைனை 'சவ்வின்' என்று உச்சரிப்பார்கள். மாணவர் சொல்வதும் படிவத்தில் இருப்பதும் வேறு பண்டிகை என்று எண்ணிவிடாதீர்கள்.

தேதி ஆண்டுக்கு ஆண்டு நகர்வதைப் பார்த்து ஏமாற்று என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். மேபனும் ஓஸ்டாராவும் வரும் சம இரவு நாள் என்பது வானியல் கணக்கு. 2024 வசந்தத்தில் அது அமெரிக்கக் கிழக்கு நேரப்படி மார்ச் 19 இரவு 11 மணிக்குப் பின் வந்தது. உலக நேரப்படி அது மார்ச் 20. இரண்டு நாட்காட்டியில் இரண்டு தேதி இருக்கும், இரண்டும் சரி. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் முட்டிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஹீதன் மாணவர்களுக்கு இந்த எட்டும் பொருந்தாது, அவர்கள் நாட்கள் வேறு. ஆகவே படிவத்தில் பண்டிகைப் பட்டியலை அச்சடித்து 'டிக்' போடச் சொல்லாதீர்கள். பருவத்தின் இரண்டாம் வாரத்துக்குள் மாணவரே தம் தேதிகளை எழுதித் தரட்டும்.

கூடவே 'உங்கள் மதகுருவிடமிருந்து கடிதம்' கேட்காதீர்கள். பேகன்களில் பலர் தனியாகவே வழிபடுபவர்கள். கடிதம் தர குருவும் இல்லை, சபையும் இல்லை. எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லாதவரின் நம்பிக்கைக்கும் பாதுகாப்பு உண்டு என்று 1989-இல் ஃப்ரேசி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கிறித்தவ மாணவரிடம் கேட்காத சான்றை இவர்களிடம் மட்டும் கேட்பது பின்னால் உங்களுக்கே வம்பு.

இனி தீ. இதை விரிவாகவே சொல்ல வேண்டும். விடுதி அறையில் மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியும் தடை. அது சரியான தடை. அறையில் சாம்பிராணி போட்டு மாட்டிக்கொண்ட நம் பிள்ளைகளுக்கும் அது தெரியும். இடம் கிடைக்காத மாணவர் புகையுணர்வி மேல் காலுறையையோ பிளாஸ்டிக் பையையோ மாட்டுகிறார், சடங்கு முடிந்ததும் கழற்ற மறக்கிறார். உண்மையான ஆபத்து அந்தப் பைதான். கரித்துண்டு வைத்துப் பொடி தூவும் வகைத் தூபம் இன்னும் மோசம். தானே பற்றிக்கொள்ளும் வட்டக் கரியில் வெடியுப்பு கலந்திருக்கும், பற்றவைத்தால் பொறி பறக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் நேரே வைத்தால் கிண்ணம் விரிசல் விடும். பித்தளை அல்லது இரும்புக் கிண்ணம், அதில் குறைந்தது மூன்று சென்டிமீட்டர் மணல், அடியில் ஓடு அல்லது கல்: இது இல்லாமல் எங்கும் அனுமதிக்காதீர்கள். மூடிய அறையில் கரி கார்பன் மோனாக்சைடும் கக்கும். ஜன்னல் திறக்காத அறையானால் கரித் தூபம் கூடவே கூடாது. விடுதி அறைக்கு பேட்டரி விளக்கு. பெரும்பாலான சடங்குகளுக்கு அது போதும், மாணவர்களும் ஒப்புக்கொள்வார்கள், இன்னோர் இடத்தில் நிஜச் சுடருக்கு வழியிருந்தால்.

அந்த இன்னோர் இடம் பெரும்பாலும் உங்களிடமே இருக்கிறது. வளாகத் தேவாலயத்தில் மெழுகுவர்த்திக்குத் தீயணைப்பு அலுவலர் ஏற்கெனவே இசைந்திருப்பார். அதே நிபந்தனையில் அதே இடத்தை இவர்களுக்கும் முன்பதிவு செய்து கொடுங்கள். வேறு அறையானால் அளவு பாருங்கள். சடங்குக்காகச் சுற்றி நிற்கும் மரபான வட்டம் ஒன்பது அடி விட்டம். எட்டுப் பேர் கைகோத்து நிற்கலாம். பன்னிரண்டு பேருக்கு விட்டம் ஏறத்தாழ நான்கு மீட்டர் வேண்டும், ஆகவே ஐந்துக்கு ஐந்து மீட்டர் காலி இடம். கம்பளம் இல்லாத தரை. நேரம் இரண்டரை மணி: அரை மணி அடுக்க, ஒன்றரை மணி சடங்கு, அரை மணி துடைக்க. வட்டம் போட்ட பிறகு நடுவில் ஆள் புகுந்தால் சடங்கு குலையும். கதவில் அறிவிப்பு ஒட்டுவதோடு, கைபேசியுடன் ஒருவர் வெளியே உட்காரட்டும்; காவலர் அவரிடம் பேசட்டும். மெழுகு சிந்தினால் ஆறவிட்டுச் சுரண்ட வேண்டும், சூடாகத் துடைத்தால் பரவும். சடங்குக்குப் பயன்படும் உப்பைப் புல்வெளியில் கொட்டினால் புல் கருகும், தோட்டப் பணியாளரின் பகை வரும். கிண்ணத்தில் கரைத்துத் தெளிக்கலாம், மிச்சம் தொட்டியில்.

வெளியே நெருப்பு மூட்டுவதென்றால், பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசத் தீ விதித்தொகுப்பின் அளவுகள் இவை. விறகுக் குவியல் மூன்றடி அகலம், இரண்டடி உயரம் தாண்டாதவரை அது 'பொழுதுபோக்கு நெருப்பு'. கட்டடத்திலிருந்தும் எரியும் பொருளிலிருந்தும் 25 அடி தள்ளி இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் 'பான்ஃபயர்' ஆகிவிடும், 50 அடி தூரம் வேண்டும். அணையும்வரை ஆள் இருக்க வேண்டும். கையருகே அணைப்பான், மணல் அல்லது தண்ணீர்க் குழாய். உள்ளூர்த் தீயணைப்புத் துறை இதைவிடக் கடுமையாக வைத்திருக்கலாம், எனவே அனுமதியை இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். பெல்டேன் நெருப்பை மாணவர்கள் தாண்டிக் குதிக்க விரும்புவார்கள். செயற்கை இழை ஆடையும் நீள அங்கியும் அதற்கு ஆகாது. பருத்தி, முழங்காலுக்கு மேல் முடிச்சு, ஒவ்வொருவராக, நெருப்பு தணல் பருவத்துக்கு இறங்கிய பிறகு.

வெளியில் நிரந்தர இடம் ஒதுக்கினால் அதைக் காப்பதும் உங்கள் வேலை. கொலராடோவில் விமானப்படை அகாதமி அமைத்த ஃபால்கன் வட்டம் என்ற திறந்தவெளி வழிபாட்டிடம் 2011-இல் முறையாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2010 ஜனவரியில், யாரோ அங்கே ஒரு மரச் சிலுவையைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். யார் படம் எடுப்பது, யார் புகார் எழுதுவது, யார் அகற்றுவது என்று முன்கூட்டியே மூன்று பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அத்தாமி என்ற இருபுறக் கூர்க் கத்தியால் எதையும் வெட்ட மாட்டார்கள், காற்றில் வட்டம் வரையத்தான். ஆயுத விதிக்கு அந்த வேறுபாடு தெரியாது. விடுதியில் மரக்கத்தியோ கோலோ போதும். எஃகுக் கத்தி வேண்டுமானால் வளாகக் காவல் அறையில் பெட்டி. சடங்கில் பருகும் மதுவைப் பற்றிப் பேசவே வேண்டாம், 21 வயது விதி இருக்கிறது, ஆப்பிள் சாறு இருக்கிறது.

ஹீதன் மாணவரின் கழுத்தில் தோர் என்ற வட ஐரோப்பியத் தெய்வத்தின் சுத்தியலைப் பதக்கமாகப் பார்த்து வெள்ளை இனவெறிக் கூட்டமோ என்று பதறுபவர்கள் உண்டு. அந்தக் கூட்டம் இந்த அடையாளங்களைத் திருடுவது உண்மைதான். ஆனால் படைவீரர் கல்லறைகளில் பொறிக்க அரசு அனுமதித்த சின்னங்களில், 2007-இல் விக்காவின் ஐம்முனை நட்சத்திரமும் 2013-இல் தோரின் சுத்தியலும் சேர்ந்தாயிற்று. பதக்கத்தை விட்டுவிட்டு மன்ற விதிகளைப் படியுங்கள். இனம் பாராமல் எவரும் சேரலாம் என்ற வரி அதில் இருக்கிறதா என்பதே கேட்க வேண்டியது.

அடுத்தது பெயர்ப் பட்டியல். இதில் தவறினால் ஒரு மாணவரின் படிப்பே நின்றுபோகலாம், ஏனென்றால் கட்டணம் கட்டுபவர்கள் பெற்றோர். வெளியே சொல்லாமல் இருப்பதை இவர்கள் 'துடைப்ப அலமாரிக்குள் இருப்பது' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். மாணவர் பதிவுகளின் அந்தரங்கம் காக்கும் 1974-இன் ஃபெர்ப்பா சட்டம் காப்பாற்றும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 'டைரக்டரி தகவல்' என்று கல்லூரி அறிவித்தவற்றை மாணவரின் தனி ஒப்புதல் இல்லாமல் வெளியிடலாம். அங்கீகரிக்கப்பட்ட செயல்பாடுகளில் பங்கேற்பதும் அந்த வகையில் வரக்கூடியது. வேண்டாம் என்று மாணவர் எழுதிக்கொடுத்தால்தான் நிற்கும். வருமான வரியில் பெற்றோரைச் சார்ந்தவராகக் காட்டப்படும் மாணவரின் பதிவுகளைப் பெற்றோருக்குக் காட்டவும் அந்தச் சட்டம் கல்லூரிக்கு இடம் தருகிறது. எனவே பதிவுக்குத் தேவையான குறைந்தபட்சப் பெயர்களை மட்டும் வாங்குங்கள். பொறுப்பாளர் ஆகப்போகிறவரிடம் இந்த மறுப்புப் படிவத்தை முதலில் நீட்டுங்கள், பிறகு மன்றப் படிவத்தை. மன்றச் சந்தாவைக் கல்விக் கட்டணப் பில்லில் மன்றத்தின் பெயரோடு ஏற்றாதீர்கள். அந்தப் பில்லைத் திறப்பது பெரும்பாலும் அப்பாதான்.

வெளியிலிருந்து வரும் பூசாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் மற்ற மதத் தொண்டர்களுக்கு உள்ள அதே பின்னணிச் சோதனை. 2010-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் பேகன் மாணவர்களுக்கென ஒரு சேப்லினையே (வளாக மத ஆலோசகரையே) நியமித்தது; அது முடியாத இடத்தில் இந்தச் சோதனையாவது இருக்கட்டும். மன்றத்தின் பெயரில் தீட்சை கிடையாது, ஆடையின்றிச் சடங்கு கிடையாது, தனி வீட்டில் தனி ஆளுக்குப் பாடம் கிடையாது. இதை மன்ற விதியிலேயே எழுதவைத்தால், அழைப்பை மறுக்கும் முதலாண்டு மாணவருக்குக் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மன்றங்கள் சாவது மே மாதத்தில். தலைவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார், செப்டம்பரில் மறுபதிவுப் படிவம் யாருக்கு வந்தது என்றே தெரியாது, அறை உரிமை போகும், பொருள்கள் யாரோ ஒருவரின் அலமாரியில் மாட்டிக்கொள்ளும். ஆலோசகர்களே, பொறுப்பு மாற்றத்தை பிப்ரவரியில் வையுங்கள். பழையவர் மூன்று மாதம் பக்கத்தில் இருப்பார். கையெழுத்து உரிமை எப்போதும் இருவருக்கு, அதில் ஒருவர் மேல்படிப்பு மாணவராக இருந்தால் நல்லது. கையளிக்கும் கோப்பில் இருக்க வேண்டியவை: மன்ற விதி, தீ அனுமதியின் நகல், அறைப் பதிவு அலுவலரின் பதவிப்பெயர், பொருள் பட்டியல், அடுத்த ஆண்டுத் தேதிகள். உறுப்பினர் பட்டியல் அதில் வேண்டாம்.

இப்படிக்கு,
வளாகப் பேகன் வட்டங்களின் அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொள்வோர்

பி.கு.: அக்டோபர் 31 மாலைக்கான அறையை ஏப்ரலிலேயே பதிந்துவிடுங்கள். செப்டம்பரில் போய்க் கேட்டால் எல்லா அறையையும் ஹாலோவீன் விருந்துக்காரர்கள் எடுத்திருப்பார்கள்.