டெல்லிப் பள்ளிகளின் எஸ்டேட் மேனேஜரை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளி நிர்வாகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'நல்ல தலைமையாசிரியர் ஒருவர் வாய்த்துவிட்டால் போதும், பணமோ ஆளோ ஒரு பிரச்சினையே இல்லை' என்று அதில் ஒரு வரி. பக்கத்தில் பூட்டிய கழிவறையின் படம். படத்தின் கீழே 'அலட்சியம்' என்று ஒரே ஒரு சொல். கட்டுரையாளர் ஒருநாள்கூடப் பள்ளிக்கூடப் பொறுப்பில் இருந்தவர் இல்லை என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிட்டது. சரி, அது அவர் குற்றமில்லை. ஆனால் தங்களுக்குப் பள்ளிக்கூடங்களைப் பற்றி நன்றாகவே தெரியும். 2004இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனபோது தாங்கள் எழுதிய தலையங்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன். ஆகவே இந்தக் கடிதம் அவருக்கு அல்ல, தங்களுக்கு.

நான் வட மாவட்டம் ஒன்றில் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். கழிவறையை நானும் பூட்டியிருக்கிறேன். எங்கள் பள்ளிக்குப் பின்பக்கச் சுற்றுச்சுவர் பாதிதான் உண்டு. மீதிப் பாதி எஸ்டிமேட்டில் இருந்தது. திங்கட்கிழமை காலையில் அந்தப் பக்கம் போனால் குவார்ட்டர் பாட்டில்கள், திருகி எடுத்த குழாய், பீங்கானுக்குள் செங்கல். அதையெல்லாம் அள்ளிக் கழுவ வருகிற அம்மாவுக்கு மாதம் மூவாயிரம் ரூபாய். அதுவும் எங்கள் துறையிலிருந்து நேராக வராது, ஊராட்சி ஒன்றியம் வழியாக வர வேண்டும். வரும்போது நாலைந்து மாதத்துக்குச் சேர்ந்து வரும். "டீச்சர், நூறு நாள் வேலைக்குப் போனா இதைவிட நல்லா இருக்கும்" என்று அந்த அம்மா ஒருநாள் சொன்னபோது எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பது? அந்த வரிசையில் பாதியைப் பூட்டி, சாவியை என் மேசையில் வைத்துக்கொண்டேன். மீதியையாவது பெண் பிள்ளைகள் மூக்கைப் பொத்தாமல் போகிற மாதிரி வைத்திருக்க வேறு வழி இல்லை. தங்கள் புகைப்படக்காரர் பக்கத்துக் கதவு திறந்திருந்ததா என்று பார்த்தாரா? பூட்டு மட்டும்தான் அவருக்குக் கிடைத்தது போல.

'வருகிற பராமரிப்பு நிதியை ஒழுங்காகச் செலவழித்தாலே பாதிக் குறை தீரும்' என்றும் எழுதியிருக்கிறார். எவ்வளவு வருகிறது என்பதை மட்டும் எழுதவில்லை. நான் சொல்கிறேன். ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. நூறு பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், முப்பதுக்குள் என்றால் இன்னும் குறைவு. 250 வரை 50,000. ஆயிரம் வரை 75,000. ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு லட்சம். எங்கள் பள்ளியில் எழுநூறு சொச்சம் பெண்கள். கணக்குப் போட்டால் தலைக்கு வருடத்துக்கு நூறு ரூபாய் சொச்சம். சாக்பீஸ், பதிவேடு, ஸ்விட்ச், மின்விசிறி ரிப்பேர், தண்ணீர் மோட்டார் காயில், பினாயில் எல்லாமே அதில்தான். அந்தப் பணமும் பெரும்பாலும் ஆண்டு முடிகிற நேரத்தில் வரும். மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று கொடு என்பார்கள். ஜூலையில் எரிந்த மோட்டாருக்கு மார்ச்சில் பணம். நடுவில் எட்டு மாதம் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று எந்தப் படிவத்திலும் கேள்வி இல்லை. நான் என் கைக்காசைப் போட்டு காயில் கட்டினேன். எல்லாத் தலைமையாசிரியர்களும் அப்படித்தான் செய்கிறார்கள், வெளியே சொல்வதில்லை.

2024-25இல் பி.எம். ஸ்ரீ என்கிற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்துப் போடவில்லை என்று சமக்ர சிக்ஷாவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தியதே, அது தங்களுக்குத் தெரியாததில்லை, தாங்களே எழுதினீர்கள். அதில் யார் பக்கம் நியாயம் என்று நான் வாதாட வரவில்லை. 'பணம் ஒரு பிரச்சினையே இல்லை' என்கிற வரியை அதே இதழ் எப்படி அச்சிட்டது என்றுதான் கேட்கிறேன்.

ஊரில் கேட்டு வாங்குங்கள் என்பார்கள். வாங்கினேன். நாற்காலி கொடுத்த ஒருவர் அடுத்த வாரமே தம் உறவுக்காரப் பெண்ணுக்கு முதல் குரூப் கேட்டு வந்தார். மதிப்பெண் இல்லை என்று சொன்னதும், நாற்காலியைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

கட்டுரையில் டெல்லி அரசுப் பள்ளிகளுக்குப் புகழாரம். அங்கே பள்ளி முதல்வர்களை ஐ.ஐ.எம்.முக்கும் வெளிநாட்டுக்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள், பள்ளிகள் மாறின என்கிறார். நல்லது. அதே டெல்லியில் பள்ளிகளுக்கு எஸ்டேட் மேனேஜர் என்று தனியாக ஆள் போட்டார்களே, அது ஏன் கட்டுரையில் இல்லை? குழாய், பெஞ்ச், துப்புரவு, காவல் இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒருவர். முதல்வர் வகுப்புகளைப் பார்க்கலாம், பாடத்தைப் பார்க்கலாம். அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டுப் பயிற்சியை மட்டும் எழுதினால், ஆள் இல்லாமலே டெல்லி மாறியது என்றுதானே படிக்கிறவர் நினைப்பார்?

பயிற்சி எங்களுக்கும் கொடுத்தார்கள். தலைமைப் பண்பு, குழு மனப்பான்மை, நேர மேலாண்மை. சார்ட் பேப்பரில் மரம் வரைந்து, வேரில் 'தொலைநோக்கு' என்று எழுதினோம். எழுதிக்கொண்டிருக்கும்போதே வாட்ஸாப்பில் 'மிக மிக அவசரம், பிற்பகல் 2 மணிக்குள்' என்று விவரம் கேட்டுச் செய்தி வந்தது. வந்த செய்தியைப் பார்த்து அரங்கத்தில் இருந்த தலைமையாசிரியர்கள் அத்தனை பேரும் எழுந்து வராந்தாவுக்கு ஓடினோம். நேர மேலாண்மை வகுப்பு அத்தோடு முடிந்தது.

மேல்நிலைப் பள்ளிக்கு இளநிலை உதவியாளர், அலுவலக உதவியாளர், ஆய்வக உதவியாளர், இரவுக் காவலர், துப்புரவாளர் என்று பணியிடங்கள் காகிதத்தில் உண்டு. ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலி காலி, அவ்வளவுதான். என் காலத்தில் கிளார்க் பல மாதம் இல்லை. சம்பளப் பட்டியல் போட்டுக் கருவூலத்துக்கு அனுப்புவது நான், எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் விவரம் பதிவது கணக்கு டீச்சர், மிதிவண்டியையும் பாடநூலையும் இறக்கி எண்ணுவது உடற்கல்வி ஆசிரியை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இவை தவிரக் கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. மிதிவண்டி எண்ணுவது பேரிடரில் சேரும் போலிருக்கிறது.

இரவுக் காவலர் இல்லாத கதையையும் கேளுங்கள். விலையில்லா மடிக்கணினி வந்து இறங்கியது. கொடுக்கத் தேதி வரவில்லை, அமைச்சர் தேதி தர வேண்டும். அதுவரை பத்திரமாக வைக்க வேண்டியது தலைமையாசிரியர் பொறுப்பு. காவலர் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. அறைக்கு இரண்டு பூட்டுப் போட்டு, சில நாள் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காரர்களைக் கெஞ்சிப் படுக்க வைத்தேன். பொங்கல் விடுமுறையில் ஜன்னல் கம்பியை அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். போலீஸில் புகார், முதல் தகவல் அறிக்கை, கைரேகை எல்லாம் ஆயிற்று. கடைசியில் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று. அதற்கப்புறம் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம்: இழப்பை ஏன் தங்களிடம் வசூலிக்கக் கூடாது? என் ஓய்வூதியப் பலன்களில் ஒரு பகுதி அந்தக் கேள்விக்காக நின்றது. நான் காவலர் கேட்டு எழுதிய கடிதங்களின் நகல்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். "அது வேற ஃபைல்ம்மா" என்றார்கள். இதில் நான் காட்டத் தவறிய தலைமைப் பண்பு எது என்று கட்டுரையாளர் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

கட்டடம் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். உடனே மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களை இடிக்கச் சொன்னார்கள். சரியான முடிவு, நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால், எங்கள் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிக்க அனுமதி கேட்டு நான் வருடக்கணக்கில் எழுதியிருக்கிறேன். பொறியாளர் சான்று வேண்டும் என்பார்கள், பொறியாளர் வர மாட்டார். பிள்ளைகள் செத்த பிறகு அதே பொறியாளர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். இடித்தார்கள். அந்த வகுப்புகளை வேதியியல் ஆய்வகத்திலும் வேப்பமரத்தடியிலும் நடத்தினோம். புதுக் கட்டடம் நான் ஓய்வு பெறும்வரை வரவில்லை.

சோம்பேறித் தலைமையாசிரியர்களே கிடையாது என்று நான் சாதிக்கவில்லை. பதினோரு மணிக்கு வந்து இரண்டு மணிக்கு 'மீட்டிங்' என்று கிளம்புகிறவரின் கீழ் நான் வேலை பார்த்திருக்கிறேன். அந்த ஆளை அங்கிருந்து மாற்ற யாராலும் முடியவில்லை, அவருக்கு மேலிடத்தில் ஆள் இருந்தது. அதுவும் நிர்வாகம்தான், அதைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியும் இல்லை. எங்கள் குழுத் தலைவி பீடி சுற்றுகிற பெண். ஒன்றிய அலுவலகத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து தூய்மைப் பணியாளரின் பாக்கிச் சம்பளத்தை வாங்கி வந்தவர் அவர்தான். நான் அப்படி உட்கார முடியாது, உட்கார்ந்தால் 17(பி) என்று ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வரும்.

ஆள் நியமிக்க எனக்கு அதிகாரம் இல்லை, செலவழிக்கப் பணம் இல்லை, இடிக்க அனுமதி இல்லை, ஆனால் பதில் சொல்ல மட்டும் நான். இதைத்தான் தாங்கள் 'அலட்சியம்' என்று அச்சிட்டீர்கள்.

தங்களிடம் கேட்பது அதிகமில்லை. மேலே நான் எழுதியிருக்கும் மானியத் தொகைகளை, அந்தப் படம் வந்த அதே பக்கத்தில் அதே அளவில் அச்சிடுங்கள். அப்புறம், எங்கள் மாவட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் இரவுக் காவலர், துப்புரவாளர் பணியிடங்கள் எத்தனை, அதில் காலி எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதழின் பெயரில் ஒரு மனுப் போடுங்கள். நான் போட்டேன், 'கோரும் தகவல் இவ்வலுவலகத்தில் தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தது. பத்திரிகை கேட்டால் கொஞ்சம் தேடிப் பார்ப்பார்கள். மனுவுக்கான பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
திண்டிவனம்.