ஈசாக்குக்கு முந்திய பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வேதாகமத்தில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன கதையை ஓவியர்கள் எப்படியெல்லாம் வரைந்திருக்கிறார்கள் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையோடு வாசித்தேன். கரவாஜியோ, ரெம்பிராண்ட் எல்லாம் சரி. ஆனால் அதற்கு ஓர் அதிகாரம் முன்னால், ஆதியாகமம் 21இல், அதே ஆபிரகாம் தன் மூத்த பிள்ளை இஸ்மவேலையும் அவனைப் பெற்ற வேலைக்காரி ஆகாரையும் விடியற்காலையில் வீட்டைவிட்டு அனுப்புகிறாரே, அதைக் கட்டுரை தொடவே இல்லை. வழிக்குக் கொடுத்தது அப்பமும் ஒரு தோல் துருத்தித் தண்ணீரும். அதையும் அவரே எடுத்து அவள் தோளில் வைத்தார் என்கிறது வேதம்.

இலங்கையில் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் சித்திரம் படிப்பித்தவள் நான். அழுகிற பெண்ணை யாரும் வரைந்துவிடலாம். அனுப்புகிறவரை எப்படி வரைகிறார் என்பதில்தான் ஓவியர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரியும்.

1637இல் ரெம்பிராண்ட் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட படத்தைப் பாருங்கள். தபாலட்டை அளவுகூட இல்லை. ஆபிரகாம் வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி, இரண்டு கையையும் இரண்டு பக்கம் விரித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு கை வீட்டுப் பக்கம், ஒரு கை போகிறவள் பக்கம். ஆகார் கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிறாள். பையன் நமக்கு முதுகைக் காட்டி நடக்கத் தொடங்கிவிட்டான். மேலே ஜன்னலில் ஆபிரகாமின் மனைவி, ஈசாக்கின் தாய் சாராள் சாய்ந்து நின்று சிரிக்கிறாள்! அந்தச் சிரிப்பை வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

மிலானில் இருக்கும், இத்தாலிய ஓவியர் குவெர்ச்சினோவின் 1657ஆம் ஆண்டு ஓவியம் வேறு மாதிரி. தலைப்பாகையும் தாடியுமாக ஆபிரகாம் நீதிபதி போல நிற்கிறார். கை அவளைப் போகச் சொல்கிறது. கலங்கிய கண்ணோடு ஆகார் அவர் முகத்தையே பார்க்கிறாள். சாராளோ நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். அழகான படம்தான், ஆனாலும் அந்தப் பெரிய மனிதரை ஓவியர் கொஞ்சம் காப்பாற்றிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்து பிள்ளை சாகக் கிடக்கையில் தேவதூதன் கூப்பிட்டுக் காப்பாற்றுவதாக வேதம் சொல்கிறது. அப்புறம் வந்தவர்களில் பலருக்கு அந்தத் தூதன் இல்லாமல் முடியாது. பிரெஞ்சு ஓவியர் கொரோ 1835இல் வரைந்த வனாந்தரத்தில்கூடத் தூரத்து வானத்தில் ஒரு தூதன் பறந்து வருகிறான். இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மில்லேயோ தூதனைக் கூப்பிடவில்லை. 1848 புரட்சிக்குப் பிறகு பிரெஞ்சு அரசு கேட்ட ஓவியத்துக்காக அவர் இதைத் தொடங்கினார். வெறும் மணல். சாகப்போகிற பிள்ளையைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக் கிடக்கிற தாய். படத்தை அவர் முடிக்கவே இல்லை. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவர், அதனால்தானோ என்னவோ.

இந்தக் கதை எங்கள் மலையகத்துக்கு அந்நியமானதல்ல. 1964 ஒக்டோபரில் எங்கள் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்து வைத்தார்கள்; இந்திய வம்சாவளித் தோட்டச் சனங்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள் எங்கள் சனங்கள். என் பெரியம்மா குடும்பம் அப்படித்தான் ஹட்டனில் ஏறியது. வழிக்கு ரொட்டியும் சம்பலும், ஒரு கேனில் தண்ணீரும். தோட்டத்தில் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை வாசித்த அதே கணக்கப்பிள்ளைதான், தோட்டத்து மேற்பார்வையாளர், டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பெரியப்பாவின் தோளில் வைத்துவிட்டார். கெட்ட மனுஷன் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. அவரை வரையச் சொன்னால் ரெம்பிராண்டின் ஆபிரகாமைத்தான் வரைவேன்: ஒரு கால் படியில், இரண்டு கையும் விரித்தபடி.

கட்டுரைத் தொடர் தொடருமானால் ஆகாருக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். கட்டுரையாளர் எட்மோனியா லூயிஸையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. ஓவியம் அல்ல, 1875இல் செய்த பளிங்குச் சிலை. கறுப்பின, பழங்குடி வம்சத்தில் வந்த அமெரிக்கப் பெண். அவருடைய ஆகார் தனியாக நிற்கிறாள். எசமானும் இல்லை, தூதனும் இல்லை. ரெம்பிராண்டின் படத்தைப் போடுவதாக இருந்தால் தயவுசெய்து பெரிதாக்க வேண்டாம். அகலம் பத்து சென்ரிமீற்றர்கூட வராது, உங்கள் பத்திரிகையில் இரண்டு பத்தி இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை,
மஸ்கெலியா.