கோடை விடுமுறையிலும் சத்துணவுக் கூடம் திறந்திருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை எந்தப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாம், எந்த மலைக்கு அழைத்துப் போகலாம் என்று பத்திரிகைகளில் ஆண்டுதோறும் கட்டுரைகள் வருகின்றன. அதே விடுமுறையில் மதியச் சோற்றுக்கு வழியில்லாத பிள்ளைகளைப் பற்றியும் எழுதுங்கள் என்று கேட்கவே இக்கடிதம். இராமநாதபுரம் மாவட்டத்தில், மழையை நம்பி நெல்லும் மிளகாயும் போடும் கிராமங்களில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

பள்ளி நடக்கும் நாள்களில் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைத்துவிடுகிறது. காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சாம்பாரோடு கிடைக்கிறது. மதியம் முட்டையோடு சத்துணவு. ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் இரண்டும் ஒன்றாக நின்றுபோகின்றன. ஜூனில் பள்ளி திறக்கும்வரை அந்தப் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று கேட்க ஆளில்லை. ஆண்டுக்கு 220 நாளுக்குத்தான் சத்துணவுத் திட்டத்தில் கணக்கு. மற்ற நாள்களில் நீளமாகத் தொடர்ந்து வருவது இந்தக் கோடைதான்.

"ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறதே, பிறகென்ன?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அரிசி கிடைக்கிறது, மறுக்கவில்லை. மதியம் ஆக்கிப் போடத்தான் வீட்டில் ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் தாய்மார்கள் விடிந்ததும் நூறு நாள் வேலைக்கோ கருவேல விறகு வெட்டவோ கரிமூட்டத்துக்கோ போய்விடுகிறார்கள். தகப்பன் வெளியூரில் கூலி வேலையில் இருப்பான். பருப்பும் காய்கறியும் முட்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. மே மாத வெயிலில் காலையில் வடித்த சோறு பிற்பகலுக்குள் ஊசிப்போகிறது.

ஒரு மே மாத நண்பகலில், மூன்றாம் வகுப்பு முடித்த ஒரு பெண் குழந்தை தன் இரண்டு தம்பிகளுக்குச் சோறு போட்டதைப் பார்த்தேன். பழைய சோற்றில் தண்ணீரும் உப்பும் விட்டுக் கரைத்து மூன்று கிண்ணங்களில் ஊற்றினாள். தொட்டுக்கொள்ள ஐந்து ரூபாய் நொறுக்குத்தீனிப் பொட்டலம் ஒன்று. அதைப் பிரித்துப் பெரிய துண்டுகளைத் தம்பிகளுக்கு எண்ணி வைத்துவிட்டு, அடியில் தங்கிய காரத்தூளைத் தன் சோற்றில் தட்டிக்கொண்டாள். பள்ளியில் வாரத்துக்கு ஐந்து முட்டை சாப்பிட்ட பிள்ளை அது. ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் சில நாள்கள் மறுசோறு கேட்டு வருகிறவர்கள் கூடுதலாக இருப்பார்கள் என்பது எங்கள் சமையலர்களுக்குத் தெரியும். சொல்லாமலே உலையில் ஒரு கை அரிசி கூடப் போடுவார்கள்.

சட்டம் இந்த இடத்தில் பிள்ளைகளைக் கைவிட்டிருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவை உரிமையாக்கியபோதே, பள்ளி விடுமுறை நாள்களை அதிலிருந்து விலக்கிவிட்டது. ஆனால் வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. 2016இல் மீண்டும் அதை வலியுறுத்தியது. 2024 கோடையில் கர்நாடக அரசு, வறட்சி பாதித்ததாக அறிவித்த வட்டங்களில் விடுமுறையிலும் சோறு போட்டது. பக்கத்து மாநிலத்தால் முடிந்திருக்கிறது. 1956இல் காமராஜர் காலத்து மதிய உணவிலும், 1982 ஜூலை முதல் நாள் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிவைத்தபோதும், இப்போது காலை உணவிலும் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் நம்முடையது. நாம் ஏன் வறட்சி அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும்? நல்ல மழை பெய்த ஆண்டிலும் அந்தப் பெண் குழந்தையின் தாய் கூலி வேலைக்குத்தான் போவாள்.

எங்கெங்கே தொடங்குவது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதியின் பிள்ளைகளில் பாதிப் பேராவது இலவச அல்லது சலுகை விலைப் பள்ளி உணவுக்குத் தகுதி உள்ளவர்களாக இருந்தால், அங்கே கோடை உணவு மையம் திறக்கலாம். 18 வயது வரையுள்ள யார் வந்தாலும் சாப்பிடலாம், பதிவேட்டில் பெயர் தேட வேண்டியதில்லை. நமக்கு இந்தத் தாராளம் மிகவும் தேவை. விடுமுறையில் பாட்டி வீட்டுக்கு வந்திருக்கும் வெளியூர்ப் பேரப்பிள்ளையை, "உன் பெயர் இந்தப் பள்ளியில் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. அங்கே கிராமப்புறங்களில் மையம் வெகு தொலைவில் இருப்பது பெரிய சிக்கல். நம் ஊர்களிலோ கூப்பிடு தூரத்தில் சமையல் கூடமும் பாத்திரங்களும் கைப்பக்குவம் உள்ள பெண்களும் இருக்கிறார்கள்.

கொரோனா காலத்தில் செய்ததுபோல அரிசியையும் பருப்பையும் வீட்டுக்கே கொடுத்துவிடலாமே என்பார்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்தான். ஆனால் வீட்டுக்குப் போன பருப்பு வீடு முழுவதற்குமான குழம்பில் கரைந்துவிடும்; பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று யாரும் அளக்க முடியாது. சமைத்து, பள்ளியில் உட்காரவைத்துப் பரிமாறுவதே அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குப் போய்ச் சேரும்.

இதில் ஒன்றை விட்டுவிடக் கூடாது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் மூவருமே பெரும்பாலும் குறைந்த ஊதியத்தில் இருக்கும் பெண்கள். அவர்களுடைய விடுமுறையைப் பறித்து இதை நடத்த வேண்டாம். மே மாத வேலைக்குத் தனியாக ஊதியம் கொடுங்கள். விருப்பமில்லாதவர்களுக்குப் பதிலாக ஊரிலுள்ள மகளிர் சுயஉதவிக் குழுவினரை அமர்த்துங்கள். காலை உணவை அவர்கள்தாம் பல ஊர்களில் சமைக்கிறார்கள். வெயிலுக்கு முன் சமையலை முடித்துப் பதினொன்றரை மணிக்கே பரிமாறிவிடலாம். தயிர்ச்சோறும் சுண்டலும் முட்டையும் போதும். சத்துணவுப் பட்டியலிலுள்ள பதின்மூன்று வகைச் சோறும் கேட்கவில்லை.

முதல் ஆண்டில் இராமநாதபுரம், விருதுநகர், புதுக்கோட்டை போன்ற மானாவாரி மாவட்டங்களில் ஒன்றியத்துக்குச் சில பள்ளிகளில் தொடங்கட்டும். எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு விரிவாக்கலாம். ஆனால் ஆணை மே மாதம் பாதியில் வந்தால் பயனில்லை. ஆண்டுத் தேர்வு அட்டவணை வெளியாகும்போதே வர வேண்டும். அப்போதுதான் நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கிலிருந்து அரிசியும் பருப்பும் விடுமுறை தொடங்கும் முன் கூடங்களுக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை,
இராமநாதபுரம் மாவட்டம்.