39-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள், ஐயா

கன்வென்ஷன் கமிட்டி ஐயாமாருக்கு ஸ்தோத்திரம்.

கடைசி நாள் ராத்திரி நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் இருந்தது நீங்கள்தான். கோகு என்பவன் பெரும்படையோடு இஸ்ரவேல்மேல் வருவான் என்கிற எசேக்கியேல் 38 வாசிக்கப்பட்டது. கோகு யார், மாகோகு எந்தத் தேசம் என்று திரையில் வரைபடம் ஓடியது. அப்புறம் அதே திரையில் ஏவுகணை பறந்தது. அது விழுந்து வெடித்ததும் பந்தல் முழுக்கக் கைதட்டல், அல்லேலூயா.

என் பக்கத்தில் இருந்த அக்கா கை தட்டவில்லை. அவருடைய ஒரே மகன் வளைகுடாவில் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்க்கிறான். ஜெபம் முடியுமுன்பே எழுந்துபோய், இருட்டில் செருப்பைத் துழாவிக்கொண்டே அவனுக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. விடியும்வரை வாசற்படியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் என்னிடம், "இதெல்லாம் நடந்தே தீரும்னு ஐயா சொல்றாங்களே, அப்ப என் பிள்ளை?" என்று கேட்டார். 18 வருஷமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான். எனக்கு வாய் வரவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். 38ஐ வாசிக்கிற மேடையில் 39ஐயும் வாசியுங்கள்.

போர் முடிந்து ஊர் ஜனங்கள் வெளியே போவது அங்கேதான் வருகிறது. கேடகம், வில், அம்பு, ஈட்டி என்று கிடந்ததையெல்லாம் எடுத்து 7 வருஷம் எரிக்கிறார்கள். அத்தனை நாளும் காட்டில் மரம் வெட்ட வேண்டியதில்லை. பாபிலோனில் சிறையிருந்த ஒரு தீர்க்கதரிசி கண்ட வெற்றி, ஐயா, அது! முள் குத்தக் குத்த விறகு பொறுக்கி வளர்ந்த எங்கள் அம்மாமாருக்கு வியாக்கியானமே வேண்டாம். எதிரியின் ஈட்டிக் காம்பில் கஞ்சி கொதிக்கிறது. ஒரு ஈட்டிகூட ஆயுதசாலைக்குப் போகவில்லை.

எரிக்காமல் வைத்தால் என்ன ஆகும் என்பதும் வேதத்தில் இருக்கிறது. பெலிஸ்தர் செத்துக்கிடந்த சவுல் ராஜாவின் ஆயுதங்களைத் தங்கள் தேவதை அஸ்தரோத்தின் கோவிலில் வைத்தார்கள். நம்மவர்களான இஸ்ரவேலரும் கோலியாத்தின் பட்டயத்தைத் துணியில் சுற்றி, ஆசாரியர்களின் ஊரான நோபில் பத்திரமாக வைத்தார்கள்; தாவீது ஓடிவந்து கேட்டதும் அது மறுபடி கைக்கு வந்துவிட்டது. மேரோம் தண்ணீரண்டையில் யோசுவா எதிரிகளின் இரதங்களைச் சுட்டெரித்தார். ஆனால் சாலொமோன் காலத்தில் நம்மிடமே 1,400 இரதங்கள் நின்றன.

வில்லும் அம்பும் உங்கள் ஏவுகணைப் படத்துக்கு ஒத்துவரவில்லை என்று 39ஐ விட்டுவிட்டீர்களோ?

மாகோகு ரஷ்யாதான் என்று அடித்துச் சொன்னீர்கள். நியூயார்க்கில் ஐ.நா. தோட்டத்தில் ஒரு சிலை நிற்கிறது. பட்டயத்தை மண்வெட்டியாக அடிக்கிற மனிதன், ஏசாயா சொன்ன அதே காட்சி. 1959-ல் அதைக் கொடுத்தது சோவியத் ஒன்றியம்! கொடுத்தவர்கள் அதன்படி நடந்தார்களா என்றால், உக்ரைனைப் பார்த்தால் தெரியும். இருந்தாலும் உங்கள் திரைக்கு அந்தப் படம் ஏறவில்லையே. அந்தத் திரைக்கு எவ்வளவு வாடகை, எந்தக் காணிக்கையிலிருந்து போனது என்றெல்லாம் நான் இப்போது கேட்கவில்லை. அதற்கு வேறொரு மடல் எழுத வேண்டும்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் 39-ஆம் அதிகாரத்தின் 9, 10 வசனங்களை மட்டுமாவது, பின்னால் இசை போடாமல், நிதானமாக வாசிக்கும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அந்த அக்காவைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை