முறை முடிந்த பிறகும்

அன்பின் மச்சான்,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே நாங்கள் சுகம். வெங்காயம் கிண்டி முடிந்தது, விலை பரவாயில்லை. மகளுக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்திருக்கிறது. மற்றபடி எல்லாம் பழையபடிதான்.

உன் கடைசிப் பக்கம்தான் மனதை விட்டுப் போகுதில்லை. "95இல் ஜெபித்தது போல இப்போது ஒரு நாளும் ஜெபிக்க முடியவில்லை. சேர்ச்சுக்குப் போகிறேன், பாடுகிறேன், வீட்டுக்கு வருகிறேன், அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தாய்.

1995 ஒக்டோபர் 30, சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு வெளிக்கிட்ட அந்த இரவை நானும் மறக்கவில்லை. மழைக்குள் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்தது. நீ அம்மாவைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்தாய், நான் அரிசிச் சாக்கோடு பின்னால் வந்தேன். பாட்டுப் புத்தகமும் இல்லை, போதகரும் இல்லை. உன் அம்மா 23ஆம் சங்கீதத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தா. பக்கத்தில் நடந்த சைவக்காரப் பிள்ளைகள்கூட அதை வாய்க்குள் சொல்லத் தொடங்கியது உனக்கு நினைவிருக்கும்.

நானும் கனகாலம் அந்த ஜெபத்துக்காக ஏங்கினவன்தான். இப்போது எனக்கு வேறு ஒன்று படுகிறது. அன்றைக்கு எங்களை ஜெபிக்க வைத்தது பயம். அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆண்டவர் அந்த ஜெபத்தையும் கேட்டார். ஆனால் கையில் ஒன்றுமே இல்லாதவனுக்கு ஆண்டவருக்கு முன்னால் உண்மையாக நிற்பது கஷ்டமில்லை. தோட்டமும் காசும் சொந்தக் கூரையும் இருக்கிற காலத்தில்தான் அதைப் பழக வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தப் பாடம் போன பங்குனியில், எங்கள் கிணற்றடியில் தொடங்கியது.

எங்கள் பங்குக் கிணறு உனக்குத் தெரியும், துலா மிதித்து விளையாடின இடம். அண்ணருக்குப் பாதி, எனக்குப் பாதி என்று அப்பு உறுதியில் எழுதி வைத்தது. ஆறில்லாத ஊர் இது. மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறக்கி வைக்கிற தண்ணீர்தான் எங்களுக்கு எல்லாம். பங்குனி சித்திரையில் ஒருவன் கூட இறைத்தால் கிணற்றின் அடி தெரியும், பிறகு ஊறும் வரைக்கும் மற்றவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குத்தான் முறை. எனக்கு விடிய நாலரையிலிருந்து ஆறரை வரை, அதற்குப் பிறகு அண்ணர்.

அந்த இரண்டு மணித்தியாலத்தை நான் ஆண்டவருக்கென்று வைத்திருந்தேன். மெசினை ஸ்ராட் பண்ணி விட்டால் மகன் பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறுவான். நான் பூவரசுக்குக் கீழே இருந்து வேதம் வாசித்து ஜெபிப்பேன். நல்ல ஜெபம் மச்சான், கண்ணீரோடு செய்த ஜெபம். ஆறரை ஆகும்போது கடைசி நாலைந்து பாத்தி நனையாமல் இருக்கும். மகன் என்னைப் பார்ப்பான். அது எனக்குத் தெரியும், ஆனால் கண்ணைத் திறக்க மாட்டேன். ஜெபத்தைக் குழப்பக் கூடாது என்று அவனும் மெசினை நிறுத்த மாட்டான். பத்து நிமிடம், இருபது நிமிடம். வாய்க்காலில் தண்ணீர் கடைசிப் பாத்திக்குத் திரும்புகிற சத்தம் கேட்ட பிறகுதான் ஆமென் சொல்வேன்.

ஒரு நாள் அவன் கேட்டான்: "அப்பா, பெரியப்பான்ர மிளகாய் வாடுது. நீங்கள் ஜெபம் முடிக்கும் வரைக்கும் நான் என்ன செய்ய?" குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டான்.

அதற்குப் பிறகு யோவான் 4ஆம் அதிகாரத்தை என்னால் பழைய மாதிரி வாசிக்க முடியவில்லை. அந்தச் சமாரியப் பெண்ணும் ஆராதனையைப் பற்றிக் கேட்டது கிணற்றடியில்தான். தங்கள் மலையா, எருசலேமா என்பது அவளுடைய கேள்வி. ஆண்டவர் இரண்டையும் விட்டு, ஆவியோடும் உண்மையோடும் என்றார். நான் இத்தனை வருடமும் 'ஆவியோடும்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். குரல் தழுதழுத்தால், நெஞ்சு இளகினால் நல்ல ஆராதனை என்று நினைத்திருந்தேன். அவளோடு ஆராதனை பற்றிக் கதைக்க முதல், அவளுடைய வீட்டு விஷயத்தைத்தானே அவர் எடுத்தார்? உன் புருஷனை அழைத்துக்கொண்டு வா என்றார். என்னிடம் கேட்டிருந்தால், உன் அண்ணரை அழைத்துக்கொண்டு வா என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்த ஞாயிறு திருவிருந்து. 1816இல் தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கின சபை வழியில் வந்தவர்கள் நாங்கள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு சேர்ந்ததால் அந்தச் சபையின் ஆராதனை ஒழுங்கு எங்களுக்கும் வந்தது. அதில் காணிக்கைக்கு முதல் சமாதானம் கொடுக்க வேண்டும். உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகு, பிறகு காணிக்கை செலுத்து என்று மத்தேயு 5இல் உள்ள அதே வரிசை. சின்ன வயதிலிருந்து செய்து வருகிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்றைக்கு முன் வாங்கிலிருந்து அண்ணர் திரும்பி, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, மற்றக் கையால் என் கையைப் பொத்தினார். வெடித்த தோல். அவ்வளவு கழுவியும் போகாத மண்ணெண்ணெய் மணம். விடிய என் பிழையால் பிந்தி இறைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வரும் வழியெல்லாம் பாடமாக்கின வசனங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. "உங்கட முறையில நான் இறைச்சுப்போட்டன்" என்று மட்டும் சொன்னேன். அண்ணர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தெரியும். நீ ஜெபம் செய்யிறாய் எண்டு பேசாமல் இருந்தனான்" என்றார்.

மச்சான், அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை. ஆண்டவருடைய பேருக்கு மரியாதை கொடுத்து அவர் பொறுத்திருக்கிறார். அதே பேருக்குப் பின்னால் நான் ஒளிந்திருக்கிறேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அண்ணி தேத்தண்ணி தந்தா, குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது ஆறு இருபதுக்கு போனில் அலாரம் வைத்திருக்கிறேன். ஜெபம் குறைந்துவிட்டது, கால் மணித்தியாலம்கூட வராது. மிச்ச நேரம் மகனோடு நானும் மண்வெட்டியோடு இறங்கித் தண்ணி மாறுகிறேன். எபிரேய வேதத்தில் வேலைக்கும் ஆராதனைக்கும் அவோதா என்று ஒரே சொல் வருமாம், போன தவக்காலத் தியானத்தில் போதகர் சொன்னார். ஆதாமைத் தோட்டத்தைப் பண்படுத்த வைத்தார் என்ற இடத்திலும் அதே வேர்தானாம். தமிழில் பார், தொழுகைக்குப் பக்கத்திலேயே தொழும்பு நிற்கிறது. அடிமை ஊழியம். பாத்தி நிறைந்து மடை மாறும்போது, "ஆண்டவரே, இது உம்முடைய தண்ணீர்" என்று சொல்லப் பழகியிருக்கிறேன். சில நாள் வாய்தான் சொல்லும், மனம் வெங்காய விலையில் நிற்கும். அப்போதும் சொல்கிறேன். நெஞ்சு இளகுவது குறைவு. ஆனால் ஆறரைக்கு மெசின் நின்று, தோட்டம் அமைதியாகி, அண்ணர் தன் மெசினை எடுத்துக்கொண்டு வருகிற அந்த நேரத்தில் நான் யாருக்கும் ஒளிக்க வேண்டியதில்லை. அது எனக்குப் புது அனுபவம்.

உன் ஜெபம் ஏன் வறண்டது என்று சொல்ல நான் ஆளில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்காதே. நாலு பக்கக் கடிதத்தில் எல்லாரைப் பற்றியும் எழுதியிருக்கிறாய், உன் தம்பியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவனும் அங்கே, உனக்கு அரை மணித்தியாலத் தூரத்தில்தானே இருக்கிறான்?

இன்னொரு விஷயம். 96இல் திரும்பி வந்தபோது உன் அம்மாவின் பாட்டுப் புத்தகத்தை உங்கள் வீட்டு முகட்டுக்குள் இருந்து எடுத்து வைத்தேன் என்று சொன்னேனே. கரையான் ஓரத்தைத் தின்றிருக்கிறது, எழுத்துக்கு ஒன்றும் இல்லை. முதல் பக்கத்தில் உங்கள் இரண்டு பேரின் பெயரையும் அம்மா ஒன்றாக எழுதி வைத்திருக்கிறா. ஆவணியில் ஒரு பிள்ளை ரொறன்ரோ வருகிறது, கொடுத்து விடட்டா? யாருடைய விலாசத்துக்கு என்று எழுது.

அன்புடன்,
உன் மச்சான்