ஹம்ப்டி டம்ப்டிக்குள் பீரங்கி இருக்கிறதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கிலக் குழந்தைப் பாடல்களுக்குள் கொள்ளைநோயும் அரசர் தலையும் வரிக்கொடுமையும் ஒளிந்திருப்பதாக வரும் கட்டுரைகள் படிக்கச் சுவையானவை. ஊகிப்பது நல்ல விளையாட்டு, அது தொடரட்டும். ஆனால் பழைய நூலுக்கு உரை காண்பவர் முதலில் பாடபேதங்களை, அதாவது ஒரே பாட்டு பதிப்புக்குப் பதிப்பு மாறி வரும் வடிவங்களை, திரட்டுவார். குழந்தைப் பாட்டுக்கும் அதுதான் முதல் வேலை. அதைச் செய்தால் விளையாட்டு இன்னும் சூடுபிடிக்கும்.

ஹம்ப்டி டம்ப்டியை எடுத்துக்கொள்வோம். 1648இல் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் கோல்செஸ்டர் நகரம் முற்றுகையிடப்பட்டபோது மதிலிலிருந்து விழுந்த பீரங்கிதான் இது என்பார்கள். அரசரின் குதிரைகளும் ஆட்களும் வருகிற வரிதான் பிடிமானம். 1797இல் இசையமைப்பாளர் சாமுவேல் அர்னால்டு அச்சிட்ட பாடத்தில் அந்த வரியே கிடையாது. எண்பது பேரும், மேலும் எண்பது பேரும் சேர்ந்தும் அவனைப் பழைய இடத்தில் வைக்க முடியவில்லை என்றுதான் இருக்கிறது. அச்சில் அரசர் பிறகு வந்து சேர்ந்தவர். இது அடிப்படையில் ஒரு விடுகதை. சுவரிலிருந்து விழுந்தால் எத்தனை பேர் கூடினாலும் ஒட்டவைக்க முடியாதது எது? முட்டை. அதனால்தான் முட்டை என்ற சொல் பாட்டில் எங்குமே வராது. 1871இல் வந்த லூயிஸ் கரோலின் ஆலிஸ் கதையில் ஹம்ப்டி டம்ப்டியும் வருகிறான்; அதற்கு ஓவியர் ஜான் டென்னியல் அவனை முட்டையாகவே வரைந்தார். இப்படி விடை படத்தில் வந்துவிட்டபின் பாட்டில் கேள்வி இருந்ததே பலருக்குத் தெரியாமல் போயிற்று. காலியான அந்த இடத்தில்தான் பீரங்கி ஏறி உட்கார்ந்திருக்கிறது.

‘ரிங்கா ரிங்கா ரோசஸ்' கதையும் இப்படித்தான். 1665ஆம் ஆண்டு லண்டன் கொள்ளைநோயின் தும்மலும் சாம்பலும் அதில் உண்டு என்பார்கள். இங்கிலாந்தில் ஓவியர் கேட் கிரீனவே 1881இல் வெளியிட்ட பாடத்தில் தும்மலும் இல்லை, சாம்பலும் இல்லை. ‘உஷ், உஷ்' என்று சொல்லி எல்லோரும் விழுகிறார்கள், அவ்வளவுதான். அந்த நோய்க்கு முக்கிய அடையாளம் காய்ச்சலும், அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டும் நெறியும்; தும்மல் அல்ல. கொள்ளைநோய் விளக்கம் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

‘பா பா பிளாக் ஷீப்' 1275ஆம் ஆண்டுக் கம்பளி வரியைப் பற்றியது, சிறுவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்வதுண்டு. 1744 வாக்கில் அச்சான பாடத்தில் சிறுவனுக்கும் ஒரு மூட்டை கிடைக்கிறது!

ஆண்டை வைத்துச் சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். வாய்மொழிப் பாட்டு அச்சுக்கு எவ்வளவோ முன்பே பிறந்திருக்கலாம். ஆகவே அச்சு ஆண்டு பிந்தியது என்பதால் மட்டும் ஒரு விளக்கத்தைத் தள்ளிவிட முடியாது. அச்சு முந்தியிருந்தால் தள்ளிவிடலாம். ஜாக்கும் ஜில்லும் 1793இல் தலை வெட்டப்பட்ட பதினாறாம் லூயி மன்னரும் அரசியும் என்பவர்களுக்கு இது போதும். அந்தப் பாட்டு 1760களிலேயே அச்சில் இருந்தது.

பெரும்பாலான விளக்கங்கள் சறுக்கும் இடம் ஒன்றே: இன்று பாடும் பாடத்தை மூலபாடம் என்று எடுத்துக்கொள்வது. அடுத்தது, பொருந்தாத வரிக்கெல்லாம் ‘அரசருக்குப் பயந்து மறைத்தார்கள்' என்று ஒட்டுப் போடுவது. ஆள்வோரைக் கேலி செய்யும் பாட்டுகள் அந்நாட்டில் ஒற்றைத் தாளில் அச்சாகித் தெருவில் விற்ற காலம் அது.

மறைந்த பொருள் உண்மையிலேயே இருக்கும் பாட்டுகளும் உண்டு. ‘யாங்கி டூடுல்' என்ற அமெரிக்கப் பாட்டின் நாயகன் தொப்பியில் இறகைச் செருகி அதை மகரோனி என்கிறான். உணவென்று நினைத்தால் ஒன்றும் புரியாது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அச்சொல் மிகையாக அலங்கரித்துக்கொள்ளும் மைனர்களைக் குறித்தது. இதைக் கண்டுபிடிக்க அக்காலச் சொல்வழக்கு தெரிந்தால் போதும். சதிக் கதை எதுவும் தேவைப்படவில்லை.

இனி இத்தகைய கட்டுரை வெளியிடும்போது, பாட்டு முதலில் அச்சான ஆண்டையும், அந்த விளக்கம் முதலில் எழுதப்பட்ட ஆண்டையும் அருகருகே அச்சிட வேண்டுகிறேன். மீதியை வாசகர்களே கழித்துப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்