வால்ட்மானிஸ் பற்றி ரகுவுக்கு

அன்புள்ள ரகு,

உன் கட்டுரைப் பிரதி வந்து மூன்று மாதமாகிவிட்டது. இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். மணி அண்ணன் உன் சதுரங்கப் பலகையை இன்னும் தரவில்லை, கேட்காதே.

லாட்வியாவில் அமைச்சராக இருந்து, பிறகு கனடாவில் கமிஷன் ஊழலில் சிறை சென்ற ஆல்ஃபிரட் வால்ட்மானிஸை 'கனடாவை ஏமாற்றிய அகதி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே, அதுதான் உறுத்துகிறது. அவர் கைதான 1954-இல் கதையைத் தொடங்கினால் அப்படித்தான் தெரியும். நீ 1938-இலிருந்து தொடங்கு.

அந்த ஆண்டு, உல்மானிஸ் என்பவரின் சர்வாதிகார ஆட்சியில், முப்பது வயது நிரம்புமுன்பே லாட்வியாவின் நிதியமைச்சர் ஆனார் அவர். 1940-இல் சோவியத் படை நாட்டைப் பிடித்தது, 1941 ஜூலையில் ஜெர்மன் படை தலைநகர் ரீகாவைப் பிடித்தது. ஜெர்மானியர் அமைத்த உள்ளூர் நிர்வாகத்தில் நீதித் துறை இவர் கைக்கு வந்தபோது, ரீகாவுக்குப் பக்கத்து ரும்புலா காட்டுப் படுகொலை நடந்து வெகுகாலம் ஆகவில்லை. 1941 நவம்பர் 30, டிசம்பர் 8 ஆகிய இரண்டே நாளில் அங்கே சுமார் 25,000 யூதர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ரீகாவில் இருந்த ஒருவருக்கு அது தெரியாமல் போயிருக்க வழியில்லை. இதில் எனக்கு மன்னிக்கும் மனம் வரவில்லை ரகு.

1942 நவம்பரில் அவர் ஜெர்மானியருக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஜெர்மனியின் பிடிக்குள் தனி அரசாக இருந்த ஸ்லோவாக்கியாவைப் போல் சுயாட்சி கொடுத்தால் படை திரட்டித் தருகிறோம் என்பது பேரம். 1943 பிப்ரவரி 10-இல் லாட்வியர்களைக் கொண்டு ஓர் எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் பிரிவு) படை அமைக்க ஹிட்லர் உத்தரவிட்டார். சுயாட்சி வரவேயில்லை, அவரையும் ஜெர்மனிக்கு அப்புறப்படுத்திவிட்டார்கள். பின்னாளில் தன்னை நாஜி எதிர்ப்பாளராகவே காட்டிக்கொண்டார்.

1948-இல் கனடா போய்ச் சேர்ந்தார். கிழக்குக் கரையிலுள்ள நியூஃபவுண்ட்லாண்ட் 1949-இல் கனடாவோடு சேர்ந்ததும், தொழிற்சாலைகளுக்கு ஆசைப்பட்ட அதன் முதல்வர் ஸ்மால்வுட் 1950-இல் இவரைப் பொருளாதார வளர்ச்சித் துறையின் தலைவராக்கினார். அங்கே கார்னர் புரூக் ஊரில் சிமெண்ட் ஆலை, பக்கத்திலேயே ஜிப்சம் ஆலை. அவற்றைக் கட்டிய எம்.ஐ.ஏ.ஜி., பென்னோ ஷில்டே என்ற ஜெர்மன் கம்பெனிகளிடம் பத்து சதவீதக் கமிஷன் கேட்டார், ஆளும் லிபரல் கட்சிக்கான நிதி என்று சொல்லி. முதல்வரின் முழு நம்பிக்கை பெற்றவர் கேட்கும்போது, கம்பெனிக்காரர் சரிபார்க்க யாரிடம் போவார்? ரீகாவிலும் இதே வழிதான்: இரண்டு தரப்புக்கும் நடுவில் தானே ஒற்றை வாசலாக நிற்பது.

1954 ஏப்ரலில் கைது, செப்டம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், நான்கு ஆண்டு சிறை. ஒப்புக்கொண்டதால் சாட்சி விசாரணை நடக்கவில்லை. பணம் யாருக்குப் போயிற்று என்பது நீதிமன்றத்தில் அலசப்படாமலே போயிற்று. உன் கட்டுரையில் விடுபட்டது இதுதான். 1970-இல் ஆல்பர்ட்டாவில் கார் விபத்தில் இறந்தார்.

'அகதி' என்ற சொல்லை எடுத்துவிடு. அதே காலத்தில் போர் அகதிகளாகக் கனடா வந்த பால்டிக் (லாட்வியாவும் அதன் அண்டை நாடுகளும்) மக்களில் எத்தனையோ பேர் ஒப்பந்தத்தில் மரம் வெட்டினார்கள், அடுத்தவர் வீட்டில் பாத்திரம் துலக்கினார்கள். இவர் செய்ததற்கு அவர்கள் ஏன் பேர் கெட வேண்டும்? அச்சுக்குப் போகுமுன் திருத்தி அனுப்பு, இரண்டே நாளில் படித்துத் தருகிறேன்.

அன்புடன்,
சிவா